ஆறரை ஆண்டு நிறையாத ஒரு கிராமத்துத் தபால் ஆபீஸ்: லிங்கனின் நியூ சேலம்

கேள்வி: ஆபிரகாம் லிங்கன் இளம் வயதில் ஒரு கிராமத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தார் என்று படித்தேன். அந்தத் தபால் ஆபீஸ் ஏழு ஆண்டுகள்கூட ஓடவில்லையாமே? அவர் ஒழுங்காகப் பார்க்காததால்தான் மூடினார்களா?

இல்லை. லிங்கனுக்கும் அந்த ஆபீஸ் மூடப்பட்டதற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற தொடர்பு அல்ல. அதைச் சொல்ல வேண்டுமானால் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு கிராமத்தில் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். எங்கள் வீட்டு முன்திண்ணையை அடுத்த அறைதான் ஆபீஸ். அந்த வேலைக்குச் சேரும்போதே, 'உனக்கு வேறு வருமானம் இருக்கிறதா? ஆபீஸ் நடத்த இடம் இருக்கிறதா?' என்று கேட்டுத்தான் எடுத்தார்கள். தபால் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்பது இலாகாவுக்கே தெரியும். அதனால் நியூ சேலம் கதையை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அது வேற்று நாட்டுக் கதையாகவே படவில்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சங்கமான் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் உள்ள மேட்டில் 1829-இல் உருவான ஊர் நியூ சேலம். ஜேம்ஸ் ரட்லெஜ், ஜான் கேம்ரன் என்ற இருவர் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, தண்ணீர் விசையில் ஓடும் மாவு மில் ஒன்றை அமைத்தார்கள். சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் சோளத்தையும் கோதுமையையும் அரைக்க அங்கேதான் வந்தாக வேண்டும். அரைத்து முடியும்வரை காத்திருக்கிற கூட்டத்துக்குக் கடை வேண்டும். கடை வந்தது. குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லர் வந்தார், பீப்பாய் செய்கிறவர் வந்தார், தொப்பி செய்கிறவர் வந்தார், சாராயக் கடையும் வந்தது. ஆற்றோரத்து மேட்டை அளந்து, மனை பிரித்து, விற்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று அங்கே தபால் ஆபீஸ் திறக்க அனுமதி கிடைத்தது. கடைக்காரர் சாமுவேல் ஹில் அதன் முதல் போஸ்ட்மாஸ்டர்.

அந்த ஆபீஸ் 1836 மே 30 அன்று மூடப்பட்டது. கணக்குப் போட்டால் ஆறு ஆண்டும் ஐந்து மாதமும். அதில் கடைசி மூன்று ஆண்டுகளைப் பார்த்துக்கொண்டவர் லிங்கன்.

நம்மூரில் ஓர் ஊர் என்றால் கோயில் இருக்கும், குளம் இருக்கும், நூற்றாண்டுகள் இருக்கும். தபால் ஆபீஸ் பின்னால் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அங்கே நிலைமை தலைகீழ். மேற்கு நோக்கி மக்கள் பெயர்ந்துகொண்டே இருந்த காலம் அது. மனை போட்ட இடமெல்லாம் ஊராகவில்லை. தபால் ஆபீஸ் கிடைத்தால்தான் ஊர் என்று பெயர், வரைபடத்தில் ஒரு புள்ளி. நாடு முழுக்க 1830-இல் 8,450 தபால் ஆபீஸ்கள் இருந்தன. பத்தே ஆண்டில், 1840-இல், அது 13,468 ஆனது. இந்த எண்ணிக்கை கூடியதை மட்டும்தான் காட்டுகிறது. திறந்த வேகத்தில் மூடவும் செய்தார்கள் என்பதை அது காட்டாது. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு மட்டும் உயிரோடிருந்த ஆபீஸ்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்த வகையில் பார்த்தால் நியூ சேலம் ஒன்றும் அற்பாயுசு அல்ல.

லிங்கன் அந்த ஊருக்கு வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1831 ஏப்ரலில், சரக்கு ஏற்றிய தட்டைப் படகு ஒன்றை நியூ ஆர்லியன்ஸுக்கு ஓட்டிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். அந்தப் படகு ரட்லெஜ் மில்லின் அணையில் ஏறி மாட்டிக்கொண்டது. பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறது. சரக்கில் கொஞ்சத்தை இறக்கி, படகின் முன்பக்கம் ஒரு துளை போட்டு, ஏறிய தண்ணீரை அந்தத் துளை வழியாக வெளியேற்றிப் படகை மீட்டார் என்கிறார்கள். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்ததாம். அந்தப் பயணம் முடிந்து ஜூலையில் திரும்பி வந்து, டென்டன் ஆஃபட் என்பவரின் கடையில் மாதம் 15 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அப்போது வயது 22.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருக்கு எதுவுமே கைகூடவில்லை. ஆஃபட்டின் கடை நொடித்தது. 1832-இல் மாநில சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த ஊர்ப் பகுதியில் பதிவான சுமார் 300 வாக்குகளில் 277 அவருக்கு விழுந்தது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் போட்டார்கள், தெரியாதவர்கள் போடவில்லை. பிறகு வில்லியம் பெர்ரி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கடனில் ஒரு கடை வாங்கினார். அதுவும் மூழ்கியது. பெர்ரி 1835-இல் இறந்துபோக, கூட்டாளியின் பங்குக் கடனையும் சேர்த்து சுமார் 1,100 டாலர் லிங்கன் தலையில் விழுந்தது. அதை அடைத்து முடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

இப்படித் தத்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1833 மே 7 அன்று, நியூ சேலத்தின் போஸ்ட்மாஸ்டராக நியமன உத்தரவு வந்தது. அவருக்கு வயது 24.

ஹில் ஏன் போனார்? கடைக்கு வந்த பெண்கள் தபாலுக்காகக் காத்து நிற்க, அவர் சாராயம் வாங்க வந்தவர்களைத்தான் முதலில் கவனித்தார் என்றும், பெண்கள் கூடி மேலிடத்துக்குப் புகார் எழுதினார்கள் என்றும் அந்த ஊர்க்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள். எனக்கு இது நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. கடைக்காரருக்குத் தபால் வேலையில் என்ன லாபம்? தபால் வாங்க வருகிறவர்கள் அப்படியே சாமானும் வாங்குவார்கள் என்பதுதான். காசு போடுகிறவன் பக்கம் கை போவது இயல்பு.

அதைவிட வியப்பு, லிங்கனை எப்படி நியமித்தார்கள் என்பது. அப்போது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன். தபால் பதவிகளைத் தன் கட்சிக்காரர்களுக்கே கொடுத்தவர் என்று பெயரெடுத்தவர். லிங்கனோ ஜாக்சனின் எதிரியான ஹென்றி கிளேயின் ஆதரவாளர். ஒளிவுமறைவு இல்லாமல் அதைச் சொல்லித் திரிந்தவர். 1860-இல் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தபோது இதற்கு அவரே விளக்கம் சொன்னார்: தன் அரசியலை ஒரு தடையாகக் கருத வேண்டிய அளவுக்கு அந்தப் பதவி பெரிதாக இல்லை என்று. 500 டாலருக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்து வேலையை ஏற்றார்.

அந்த ஆபீஸில் என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால், இன்றைய தபாலை முழுக்க மறந்துவிட வேண்டும். தபால்தலை கிடையாது. அமெரிக்கா முழுமைக்குமான தபால்தலை 1847-இல்தான் வந்தது. உறையும் கிடையாது. உறை போட்டால் அதையும் ஒரு தாளாகக் கணக்கிட்டுக் கூடுதல் காசு கேட்பார்கள். எழுதிய தாளையே மடித்து, வெளிப்பக்கம் விலாசம் எழுதி, அரக்கு வைத்து ஒட்டுவார்கள். அதன் மூலையில் போஸ்ட்மாஸ்டர் தன் கையால் கட்டணத்தை எழுதுவார். அந்தக் காசை அனுப்புகிறவர் கொடுக்கலாம். பெரும்பாலும் பெறுகிறவர்தான் கொடுத்தார். நம் பாஷையில் சொன்னால், வந்த கடிதத்தில் பெரும்பகுதி 'கூலித் தபால்'.

கட்டணம் இரண்டைப் பொறுத்தது: எத்தனை தாள், எவ்வளவு தூரம். ஒரே தாளுக்கு 30 மைல் வரை 6 சென்ட். 80 மைல் வரை 10. 150 மைல் வரை 12½. 400 மைல் வரை 18¾. அதற்கும் மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. இந்த அரையும் முக்காலும் ஏன் என்று தோன்றும். அன்று அங்கே புழங்கிய சில்லறையில் பெரும்பகுதி ஸ்பானிஷ் வெள்ளி நாணயம். ஒரு டாலரை எட்டாகப் பிரித்தால் வருவது 12½ சென்ட். நம் பழைய கணக்கில் அது அரைக்கால். 25 சென்ட் கால். 18¾ என்பது மூன்று வீசம். வாய்ப்பாட்டில் வீசமும் அரைக்காலும் மனப்பாடம் செய்த எங்கள் தாத்தாவை அந்த ஆபீஸில் உட்கார வைத்திருந்தால் ஒரு நொடியில் கணக்குப் போட்டிருப்பார்.

மாதம் 15 டாலர் வாங்குகிற ஒரு கடைச் சிப்பந்திக்கு 25 சென்ட் என்பது அரை நாள் கூலி. கிழக்குக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால், அரை நாள் கூலியைக் கொடுத்துத்தான் அதைப் பிரிக்க முடியும். கையில் காசு இல்லாதவன் என்ன செய்வான்? அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்வான், இல்லையென்றால் போஸ்ட்மாஸ்டரிடம் கடன் சொல்வான். கடன் கொடுத்தால் காலாண்டுக் கணக்கில் அந்தத் தொகையைப் போஸ்ட்மாஸ்டர்தான் காட்ட வேண்டும். இந்த இக்கட்டை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என் ஆபீஸில் முதியோர் ஓய்வூதிய மணியார்டர் வருகிற நாளில் பணம் முழுசாக வந்து சேராமல், வரிசையில் நிற்கிற பாட்டிகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போஸ்ட்மாஸ்டருக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை, கமிஷன்தான். கடிதக் கட்டண வசூலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, பத்திரிகைக் கட்டணத்தில் பாதி. ஊரில் இருந்ததோ சுமார் 25 குடும்பங்கள், கூடவே சுற்றுப்புறத்துப் பண்ணைக் குடிகள். 1835-ஆம் நிதியாண்டில் லிங்கனுக்குக் கிடைத்த மொத்தத் தொகை 55 டாலர் 70 சென்ட். மாதம் ஐந்து டாலர்கூட இல்லை. அதனால் விறகுக்கு மரம் பிளந்தார், மில்லில் வேலை செய்தார், தேர்தல் வேலைக்குப் போனார். கடைசியில் நில அளவை கற்றுக்கொண்டு மாவட்ட சர்வேயருக்கு உதவியாளரானார். அந்தச் சர்வே வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. அப்படி அளக்கப் போகிறபோது போகிற வழியில் உள்ளவர்களின் கடிதங்களைத் தன் உயரத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வேண்டியவர்கள் ஆபீஸுக்கு வந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். தொப்பியில் தபால் என்பது வெறும் கட்டுக்கதை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். வக்கீலான பிறகும் காகிதங்களைத் தொப்பிக்குள் வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்ததைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

காசாகக் கிடைக்காத வரும்படி ஒன்று இருந்தது. போஸ்ட்மாஸ்டர் தன் சொந்தக் கடிதங்களை இலவசமாக அனுப்பலாம், பெறலாம். ஒரு தினசரிப் பத்திரிகையும் கட்டணமில்லாமல் வரும். மற்றவர்களுக்கு வருகிற பத்திரிகைகளும் அவர் கைவழியாகத்தான் போக வேண்டும். உறை கிடையாது என்பதால் பிரித்துப் படித்துவிட்டு மடித்து வைத்தால் தெரியப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் மொத்தமாக ஓர் ஆண்டுகூட உட்கார்ந்திராத ஒரு மனிதர் தலைநகரத்து அரசியல் வாதங்களையெல்லாம் வரி விடாமல் படித்தது இந்தப் பதவியால்தான். 1834 ஆகஸ்டில் மறுபடி சட்டமன்றத்துக்கு நின்றார். இந்த முறை வென்றார். இடையில் அவர் செய்த வேலையைப் பாருங்கள்: ஒரு பக்கம் தபால், இன்னொரு பக்கம் சர்வே. இரண்டுமே வட்டாரத்தின் ஒவ்வொரு வாசலுக்கும் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. 1832-இல் அவரைத் தெரியாதவர்களுக்கு 1834-இல் அவரைத் தெரிந்திருந்தது. ஆறு ஆண்டு மட்டும் இருந்த ஓர் ஆபீஸ் என்ன சாதித்தது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி, அவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்ற உங்கள் கேள்வி. இதற்கு அந்தக் காலத்துக் கடிதங்கள் இரண்டு சாட்சியாக இருக்கின்றன.

முதலாவது அவரே எழுதியது, 1834 ஜூலை 1. ஜார்ஜ் ஸ்பியர்ஸ் என்பவர் பத்திரிகைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீது கேட்டிருக்கிறார். பத்திரிகைக் கட்டணத்தை முன்கூட்டியே வசூலிக்க வேண்டும் என்பது சட்டம். லிங்கனோ ஓர் ஆண்டு முழுக்கப் பொறுத்திருந்தவர். ரசீதை அனுப்பினார். கூடவே நாலு வரியும் எழுதினார்: ஓர் ஆண்டு காத்திருந்த என்னிடம் ரசீது கேட்பது, நான் இரண்டாம் முறை வாங்கிவிடுவேன் என்று சொல்வது போல் இருக்கிறது, மனதைப் புண்படுத்துகிறது என்று. அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு 25 வயது இளைஞன் முகம் சிவந்து உட்கார்ந்து எழுதுவது என் கண்ணுக்குத் தெரியும். ரசீது கேட்டது ஸ்பியர்ஸின் உரிமை. அதில் தவறே இல்லை. ஆனால் நாணயத்தைத் தவிர வேறு சொத்தே இல்லாதவனிடம் அதையே சந்தேகப்பட்டால் வலிக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, மேத்யூ மார்ஷ் என்பவர் 1835 செப்டம்பர் 17 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த தன் அண்ணனுக்கோ தம்பிக்கோ, சகோதரருக்கு எழுதியது. போஸ்ட்மாஸ்டர் லிங்கன் ஆபீஸைப் பூட்டாமல் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுகிறார், பாதி நாள் நானே உள்ளே போய் என் பத்திரிகைகளை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதுகிறார் மார்ஷ். அத்தோடு நிறுத்தவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு தாள் இருந்ததாம், ஆனால் 25 சென்ட் என்றுதான் குறிக்கப்பட்டிருந்ததாம். 400 மைலுக்கு அப்பாலிருந்து வந்த இரட்டைத் தாளுக்கு 50 சென்ட் வாங்கியிருக்க வேண்டும். லிங்கனுக்குத் தெரிந்திருந்தாலும் என்னிடம் கூடுதலாகக் கேட்டிருக்க மாட்டார், அவர் என் நண்பர், இந்தக் கடிதத்தையும் அவரிடம் சொல்லி இலவசமாக அனுப்பப் பார்க்கிறேன் என்று முடிக்கிறார். அப்படியே நடந்தது. அந்தக் கடிதத்தின் முகப்பில் லிங்கன் தன் கையால் 'ஃப்ரீ' என்று எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறார்.

ஒரு தபால்காரனாக இதை நான் பூசி மெழுக மாட்டேன். இலவச உரிமை போஸ்ட்மாஸ்டரின் சொந்தக் கடிதத்துக்கு மட்டும்தான். இன்னொருவர் கடிதத்துக்கு அதைப் போட்டது அபராதத்துக்குரிய தவறு. ஆபீஸைத் திறந்து போட்டதும் தவறுதான். தபால் ஆய்வாளர் ஒருவர் அன்று வந்திருந்தால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ நிச்சயம். ஆனால் தபால் அங்கே தினமும் வந்ததல்ல. குதிரையில் வருகிற பை எப்போது வரும் என்பது மழைக்கும் பனிக்கும் ஆற்று வெள்ளத்துக்கும்தான் தெரியும். ஆபீஸ் என்பதோ கடையின் ஒரு மூலை. அளவைக்குப் போனால்தான் சாப்பாடு என்கிற ஆள் பூட்டிவிட்டுப் போனால், பத்து மைல் நடந்து வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். திறந்து போட்டுவிட்டுப் போவதா, பூட்டிவிட்டுப் போவதா என்ற இந்தக் கேள்விக்கு நானும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன்.

சரி, ஏன் மூடினார்கள்? காரணம் அந்தச் சங்கமான் ஆறுதான்.

நியூ சேலத்தை உருவாக்கியவர்கள் சங்கமான் ஆற்றில் நீராவிக் கப்பல் வரும் என்று நம்பினார்கள். 1832 தொடக்கத்தில் டாலிஸ்மன் என்ற கப்பல் உண்மையிலேயே வந்தது. கரையோரத்து மரக்கிளைகளை வெட்டி வழி செய்தவர்களில் லிங்கனும் இருந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊருக்குப் பக்கம் வரை போன கப்பல் அங்கே நின்றிருந்த நாட்களில் ஆற்றுநீர் வடியத் தொடங்கியது. திரும்பும்போது நியூ சேலம் அணையின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துத்தான் கப்பலை வெளியே கொண்டுபோனார்கள். ஊரை உருவாக்கிய அணையே கப்பலுக்குத் தடை. மறுபடி கப்பல் வரும் என்று யாரும் முதல் போடவில்லை. கப்பல் இல்லையென்றால் செங்குத்து மேட்டின்மேல் இருக்கிற ஊருக்குச் சரக்கு வருவது வண்டியில்தான். அப்படியானால் மேடு எதற்கு?

வடக்கே இரண்டு மைல் தொலைவில் சமதரையில் பீட்டர்ஸ்பர்க் என்று புது ஊர் ஒன்றைத் திட்டமிட்டார்கள். அதை 1836-இல் அளந்து, தெருக்களைக் கோடு போட்டு, மனைகளைப் பிரித்துக் கொடுத்தவர் சர்வேயர் லிங்கன். அதே ஆண்டு மே மாதம் நியூ சேலம் தபால் ஆபீஸ் அந்தப் பீட்டர்ஸ்பர்க்குக்கு மாற்றப்பட்டது. தன் ஆபீஸ் போய்ச் சேர்ந்த ஊரைச் சங்கிலி பிடித்து அளந்தவர் அந்த ஆபீஸின் போஸ்ட்மாஸ்டரே. நான் முதலில் சொன்ன தொடர்பு இதுதான்.

தபால் ஆபீஸ் போன பிறகு ஊர் கரைந்தது வேகமாகத்தான். லிங்கன் 1837 ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வக்கீல் தொழிலுக்குப் போனார். 1839-இல் மெனார்ட் என்ற புதிய மாவட்டம் உருவாகி, பீட்டர்ஸ்பர்க் அதன் தலைமையிடமானது. எல்லாம் மரக்கட்டை வீடுகள். கழற்றி வண்டியில் ஏற்றி இரண்டு மைல் தள்ளிப் போய் மறுபடி கட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் பலரும் செய்தார்கள். 1840 வாக்கில் மேட்டின்மேல் ஊர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. மில்லால் பிறந்து, ஆற்றால் கைவிடப்பட்ட ஊருக்கு மொத்த ஆயுள் பத்துப் பதினோரு ஆண்டுதான். தபால் ஆபீஸ் அதற்குச் சில ஆண்டு முன்பே போய்விட்டது.

கணக்கு முடித்த கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. லிங்கனின் நண்பர் டாக்டர் ஆன்சன் ஹென்றி சொன்னது. ஆபீஸ் மூடிக் கொஞ்ச காலம் கழித்து, பாக்கித் தொகையை வாங்கிப்போக இலாகாவின் ஆள் ஒருவர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தார். லிங்கன் அப்போது பரம ஏழை. அவரிடம் பணம் இருக்காது என்று பயந்து, ஹென்றி தனியே கூப்பிட்டுக் கடன் தர முன்வந்தாராம். லிங்கன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பழைய காலுறை ஒன்றை எடுத்து வந்து மேஜைமேல் கவிழ்த்தார். வெள்ளியும் செம்புமாகச் சில்லறை. எண்ணிப் பார்த்தால் கணக்குக்குச் சரியாக இருந்தது. நியூ சேலத்துக் குடியானவர்கள் கொடுத்த அதே நாணயங்கள்.

கதை சொல்கிறவர்களைப் பொறுத்து அது காலுறை, சில இடத்தில் துணி முடிச்சு. எது என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. இதை நான் நம்புவதற்குக் காரணம் வேறு. 1834 கடைசியில் கடன்காரர் ஒருவர் வழக்குப் போட்டு, லிங்கனின் குதிரையும் சர்வே கருவிகளும் ஏலத்துக்கு வந்தன. ஜேம்ஸ் ஷார்ட் என்ற நண்பர் ஏலத்தில் எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுத்தார். பிழைப்புக் கருவியே ஏலம் போகிற நிலையிலும் அந்த மனிதர் தபால் பணத்தைத் தொட்டார் என்று ஒரு குற்றச்சாட்டுகூட எழவில்லை. நான் வேலையில் சேர்ந்த அன்று, எனக்கு முன்பு அந்த ஆபீஸைப் பார்த்த பெரியவர் ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொடுத்து, 'தம்பி, ஆபீஸ் பணம் இதுல இருக்கட்டும். வீட்டுல அரிசி இல்லாட்டியும் இந்தப் பையப் பிரிக்காத. பிரிச்சா அன்னிக்கே வெச்சிரலாம்னுதான் தோணும், வைக்க முடியாது' என்றார். அந்தப் பை இப்போதும் என்னிடம் இருக்கிறது. காலுறைக் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர் குரல்தான் கேட்டது.

பின்னாளில் ஜனாதிபதியானவர்களில் இப்படி ஒரு தபால் ஆபீஸை நிஜமாகவே நடத்தியவர் லிங்கன் ஒருவர்தான். ஹாரி ட்ரூமன் பெயரும் மிசௌரி மாநிலத்தில் ஒரு கிராமத்துக்குப் போஸ்ட்மாஸ்டராகப் பதிவில் உண்டு. ஆனால் அவர் வேலையையும் ஊதியத்தையும் உதவியாளரிடமே விட்டுவிட்டார்.

1863 மார்ச் 3 அன்று ஜனாதிபதி லிங்கன் ஒரு தபால் சட்டத்தில் கையொப்பமிட்டார். உள்நாட்டுப் போரின் நடுவில் வந்த சட்டம் என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. இனி நாட்டுக்குள் கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், அரை அவுன்ஸுக்கு 3 சென்ட். 6, 10, 12½, 18¾, 25 என்று கைப்பட எழுதி வசூலித்த மனிதர் தூரக் கணக்கின் மிச்சசொச்சத்தையும் அடித்துப்போட்டார். அதே சட்டத்தால் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் 49 நகரங்களில் தபால்காரர்கள் கடிதத்தை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். சட்டத்தை வடித்தது தபால் இலாகாவும் காங்கிரஸ் என்கிற அந்நாட்டு நாடாளுமன்றமும்தான். அதை லிங்கனின் யோசனை என்று நான் சொல்ல வரவில்லை. கையெழுத்துப் போடும்போது அவருக்கு அந்தத் தொப்பி நினைவுக்கு வந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றும்.

கிராமங்களுக்கு அந்த வசதி வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. 1896-இல் சோதனையாகத் தொடங்கி 1902-இல் நிரந்தரமானது. வண்டியில் தபால்காரர் பண்ணை வாசலுக்கே வரத் தொடங்கியதும், கடை மூலையில் இருந்த குட்டி ஆபீஸ்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. 1901-இல் அமெரிக்காவில் 76,945 தபால் ஆபீஸ்கள் இருந்தன. அதுதான் உச்சம். அதன்பின் அந்த எண்ணிக்கை இறங்குமுகம்தான். எனவே நியூ சேலம் போல மூடப்பட்ட ஆபீஸின் கதை அங்கே ஏதோ ஓர் ஊருக்கு நேர்ந்த விபத்து அல்ல.

இப்போது அந்த மேட்டுக்குப் போனால் மரக்கட்டை வீடுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஏமாந்துவிடாதீர்கள், பெரும்பாலும் எல்லாம் 1930-களில் மாநில அரசு பழைய அடித்தளங்களைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி கட்டியவை. பீப்பாய் செய்கிற ஆன்ஸ்டட் குடும்பத்தின் பட்டறை ஒன்றுதான் அசல். அதுவும் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய், எண்பது ஆண்டு அங்கே இருந்துவிட்டு, 1922-இல் திரும்பி வந்தது. தபால் ஆபீஸில் அசலாக எஞ்சியிருப்பது கட்டடம் அல்ல, ஒன்றிரண்டு காகிதங்கள். மடித்த தாள், அரக்கு உடைந்த தடம், முகப்பில் 'ஃப்ரீ, ஏ. லிங்கன், பி.எம்.', அதன்கீழ் ஊர்ப் பெயரும், அதை அனுப்பிய செப்டம்பர் 22 என்ற தேதியும். முத்திரைக் கட்டைகூட இல்லாத ஆபீஸ் என்பதால் எல்லாம் அவர் பேனாவால் எழுதியது.